தம்பி பெயரில் ஓர் ஊசி

1

வின்னிபெக்கில் அக்டோபர் பிறந்ததும் நான் இரண்டு காரியம் செய்வேன். பனி அள்ளும் மண்வெட்டியை நிலவறையிலிருந்து எடுத்து வாசல் கதவோரம் சாத்தி வைப்பேன். மாத்திரை வாங்கப் போகிற மருந்துக்கடையில் நேர் வழியை விட்டுவிட்டு, ஷாம்பு அடுக்கியிருக்கும் சந்து வழியாகச் சுற்றிப் போவேன். நேர் வழியில் போனால் ப்ளூ ஊசி போடும் மேசை இருக்கும். அங்கே நிற்கிற பெண் என்னைக் கண்டதும் இந்த வருஷத்து ஊசி ஆகிவிட்டதா என்று கேட்பாள். அவளுக்கு என் பெயர் சரியாகச் சொல்ல வராது, ஆனால் என் வயது நன்றாகத் தெரியும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகப்படும். சளிக் காய்ச்சலுக்கு ஊசியா என்பீர்கள். இங்கே குளிர்காலம் ஆறு மாதம். கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே காற்றை எல்லோரும் மாற்றி மாற்றி மூச்சு விடுகிறோம். வயதானவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கிருமியும் வருஷா வருஷம் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறதாம், அதனால் ஊசியும் வருஷா வருஷம் புதிதாகப் போட வேண்டும். அரசாங்கம் சும்மாதான் போடுகிறது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று போட்டுக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அன்றைக்கென்று தலைவலி வரும், பல் டாக்டரிடம் போக வேண்டியிருக்கும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டியிருக்கும்.

இந்த வருஷம் சாக்கு எதுவும் எடுபடவில்லை. என் மகள் கயல்விழி டொராண்டோவில் இருக்கிறாள். அவளுக்குச் செப்டம்பர் கடைசியில் தலைப்பிள்ளை பிறந்தது. பிறந்த மூன்றாம் நாளே, குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கான விதிகள் என்று ஒரு பட்டியல் என் போனுக்கு வந்தது. முத்தம் கொடுக்கக் கூடாது, சென்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது, வந்ததும் கை கழுவ வேண்டும். அதற்கெல்லாம் சரி என்றேன். கடைசி விதிதான் எனக்காகவே எழுதினது போல இருந்தது. வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே ப்ளூ ஊசி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையைத் தொடக் கூடாது.

நான் செஞ்சிக்கு, பிறந்த வீட்டுக்குப் போய் அவளைப் பெற்றெடுத்த வாரத்தில் வந்து பார்த்தவர்கள் தொகை ஒரு பஸ்ஸுக்குக் காணும். ஒருவர்கூடக் கை கழுவினதாக ஞாபகமில்லை. அதைச் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை. மறுநாள் போனில், "அம்மா, ஷாட் போட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அவள் தன் பட்டியலில் என் பெயருக்கு நேராக ஒரு குறி போட்டாள். அதைப் படம் பிடித்தும் அனுப்பினாள். அந்தக் குறியைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

அதே வாரம் ஊரிலிருந்து இன்னொரு போன். என் தம்பி குமரேசனின் மகள் தேன்மொழி. செஞ்சியில் ஆசிரியையாக இருக்கிறாள், அதனால் என்னிடமும் கொஞ்சம் மிரட்டுகிற மாதிரிதான் பேசுவாள்.

குமரேசன் நாற்பது வருஷம் மல்லாட்டை மண்டியில் எடை போட்டவன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அந்தத் தூசியெல்லாம் அவன் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது. போன மார்கழியில் சாதாரணச் சளியாக ஆரம்பித்து, நுரையீரலில் இறங்கி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தான். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது, மழைக்கு முன்னால் ப்ளூ ஊசி போட்டுவிடுங்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். மழையும் ஆரம்பித்துவிட்டது. அவன் அந்தச் சீட்டை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டான்.

"இன்னா சொன்னாலும் அதையே சொல்றாரு அத்த," என்றாள் தேன்மொழி. "எனக்குக் குத்தினா நிக்காது, சின்ன வயசுலயே பாத்தாச்சின்றாரு. நீ சொன்னா கேப்பாரு. ஒருவாட்டி சொல்லேன்."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

குத்தினால் நிற்காது. இது எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் தெருவுக்கே தெரிந்த கதை. குமரேசன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு, இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது. அம்மை குத்தின பிள்ளைக்கே ஆத்தா வந்தாள், அப்புறம் குத்தி என்ன பிரயோஜனம் என்று அந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டில் அவனைக் காட்டித்தான் கதவைச் சாத்தினார்கள். அவனும் அதை நம்பியே வளர்ந்தான். கொரோனா ஊசி போட வந்தவர்களுக்குக்கூட முகத்தைக் காட்டி, "இதைப் பாத்துட்டு அப்பறமும் குத்துவியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டானாம். அதைச் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன்.

அந்தக் கதை பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் அம்மா, போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி நான்.

3

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஏழு வயது, குமரேசனுக்கு ஐந்து. நான் சவலை, அவன் நல்ல வளர்த்தி. சேர்த்து நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள் என்பார்கள். மாசியில் மலையனூர் கோயிலுக்குப் போய் இரண்டு பேருக்கும் மொட்டை போட்டு வந்திருந்ததால் அந்தப் பங்குனியில் யார் சரோஜா, யார் குமரேசன் என்று பாவாடையையும் டவுசரையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குமரேசன் பிறந்தபோது மூச்சில்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தானாம். அம்மா அந்த நிமிஷமே தெரு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வருஷா வருஷம் திருவிழாவில் பிள்ளைக்குக் காப்புக் கட்டுவது, ஐந்தாம் வருஷம் அவனை கையில் ஏந்திக்கொண்டு தீ மிதிப்பது. அது அந்த ஐந்தாம் வருஷம். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துப் பூசாரி அவன் கையில் கட்டிவிட்டார். காப்புக் கட்டின உடம்பில் அவிழ்க்கிற வரைக்கும் இரும்பு படக் கூடாது. நகம் வெட்டக் கூடாது, சவரம் கூடாது, முள் குத்தினால்கூட ஊசியால் எடுக்க மாட்டார்கள். பட்டுவிட்டால் ஐந்து வருஷ வேண்டுதலும் வீண்.

காப்புக் கட்டின மூன்றாம் நாள் அம்மை குத்துகிற ஜமால் பாய் எங்கள் தெருவுக்கு வந்தார்.

பாய் வெளியூர்க்காரர் இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்கள் குடும்பம் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. காக்கிச் சட்டை, சைக்கிள், பின்னால் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால் இருக்கும். ஒரு சொட்டைத் தோளுக்குக் கீழே வைத்து, பல் வைத்த சின்னக் கருவியை அதன்மேல் அழுத்தி ஒரு திருகு திருகுவார். பிள்ளைகள் தெரு அதிரக் கத்தும். காய்கிற வரைக்கும் துடைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே நிற்பார், ஏனென்றால் அவர் தலை மறைந்ததும் சாம்பலைப் போட்டுத் தேய்த்துவிடுகிற தாய்மார்களை அவருக்குத் தெரியும்.

சைக்கிள் மணி கேட்டதுமே அம்மா குமரேசனைத் தூக்கி நெற்குதிருக்குள் இறக்கி மேலே முறத்தை வைத்து மூடிவிட்டாள். பாதி நெல் இருந்தது, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். எனக்கு இடது கையில் குத்தினார். நான் கத்தவில்லை என்று கன்னத்தைத் தட்டினார். நோட்டைப் பிரித்து, இந்த வீட்டில் ஒரு பையனும் இருப்பானே என்றார். அவலூர்பேட்டையில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றாள் அம்மா. திருவிழாவுக்குக் காப்புக் கட்டின ஊரில் பிள்ளையை யாரும் வெளியூர் அனுப்ப மாட்டார்கள் என்பது பாய்க்கும் தெரியும். அவர் கோபப்படவில்லை.

"இதோ பாரும்மா, எனக்கு ஒரு பேரு விட்டுப்போனா ஆபீசரு வூட்டுக்குள்ளயே வந்து பாப்பாரு. அவரு காப்பு கீப்புன்னா கேக்க மாட்டாரு," என்றார். "நாளைக்கும் வேப்பமரத்தாண்டதான் இருப்பேன். அழச்சிக்கினு வா."

அம்மா அன்றைக்கு முழுக்க அழுதாள். ஆபீசர் என்றால் எங்களுக்கு ஜீப், தொப்பி, கையில் கம்பு. அவர் வந்து நெற்குதிரைக் கவிழ்த்துப் பிள்ளையை இழுத்துப்போய்க் குத்திவிடுவார் என்றே நினைத்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார், இதெல்லாம் அவர் காதுக்கே போகவில்லை.

அப்போது நான்தான் சொன்னேன். தம்பி டவுசரைப் போட்டுக்கொண்டு நான் போகிறேன் என்றேன். யோசனை என்னுடையது, ஏழு வயதில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து வந்தாள்.

மறுநாள் வேப்பமரத்தடியில் விட்டுப்போன பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றோம். பேரு என்றார், குமரேசன் என்றேன். இடது கையை நீட்டச் சொன்னார். அதில் சிரங்கு என்று அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி வலது கையை நீட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் அழுத அழுகையில் அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குத்தி முடித்ததும் குனிந்து, காய்வதற்காக என் கையில் உஸ்ஸென்று ஊதினார். வெற்றிலை வாசனை அடித்தது.

"தொடச்சிடாதடா கண்ணு," என்றார். நோட்டில் தம்பி பெயருக்கு நேராகக் குறி போட்டார்.

நான்கைந்து நாளில் இரண்டு கையும் வீங்கிக் காய்ச்சல் அடித்தது. இரண்டையும் தூக்க முடியாமல் கிடந்தேன். அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் எனக்கு ஊட்டினது அந்த ஒரு வாரம்தான், அதனால் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எட்டாம் நாள் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வருவதாகச் சொன்ன பாய் வரவில்லை, சிங்கவரம் பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். அம்மா தம்பியை ஏந்திக்கொண்டு தீ மிதித்தாள். காப்பை அவிழ்த்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம்.

4

இங்கே வரைக்கும் நடந்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அம்மா கும்பிட்ட சாமியை நம்பினாள், நான் அம்மாவை நம்பினேன். என்னால் ஆறவே முடியாதது இதற்குப் பிறகு நடந்தது.

சித்திரையில் கீழ்த்தெருவில் இரண்டு வீட்டுக்கு ஆத்தா வந்தாள். பெரியம்மை என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விட்டுப்போனவர்களுக்குக் குத்த பாய் திரும்ப வந்தார். அம்மாவுக்கு இப்போது தடை ஒன்றும் இல்லை. வேண்டுதல் முடிந்தது, காப்பு இறங்கிவிட்டது, பயமும் வந்துவிட்டது. குமரேசனைக் குளிப்பாட்டி, சட்டையில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு அவளே வாசலில் காத்து நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

பாய் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டார். நோட்டைப் பிரித்து விரலை ஓட்டினார்.

"சரோஜா, குமரேசன். ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சி. இந்த வூட்டுக்குப் பயமில்லம்மா," என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். சொல்லத்தான் போனாள். எனக்கு ஆபீசரும் ஜீப்பும் கண்ணுக்குள் வந்து நின்றன. ஏமாற்றினது நான், பிடித்துப்போனால் என்னைத்தான் பிடித்துப்போவார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துப் பலமாக இழுத்தேன். அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். அதற்குள் பாய் மிதித்துக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டார்.

இரண்டு வாரத்தில் குமரேசனுக்கு முத்துப் போட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பதை நிறுத்தினோம். வாழையிலையில் படுக்கவைத்தோம், இலை ஒட்டிக்கொண்டு வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீர் கேட்கக்கூடக் குரல் இல்லாமல் கிடந்தான். பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் கண்ணைத் துடைத்தபோதுதான் இடது கண்ணில் வெள்ளையாக இருந்தது தெரிந்தது.

நடுவில் ஒரு நாள் பாய் வந்தார். செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றார். குத்தியிருக்கிறேனே, எப்படி வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா, "குத்தினீங்க பாய். ஆத்தா மனசு வெச்சிட்டா, நீங்க இன்னா பண்ணுவீங்க," என்றாள். பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து தகரப் பெட்டியைத் திறந்தார். ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வெயிலில் கெட்டுப்போயிருக்கும், நான்தான் பார்க்காமல் வைத்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கதவிடுக்கில் நின்றேன்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. பாய் கெட்ட பாலைக் குத்திவிட்டார் என்றார்கள். அவர் மறுத்துப் பேசவே இல்லை. குமரேசன் மண்டியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு ரம்ஜான் நோன்புக்கும் ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பாராம். மற்ற பாய்மார் கொடுத்தால் வாங்கிக் குடிக்கிற என் தம்பி, அந்தத் தூக்கை மட்டும் தொடமாட்டான். பாய் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. கடைசி நோன்பு வரைக்கும் கொண்டுவந்தார் என்று குமரேசனே ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

5

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வருவதற்காகப் பாஸ்போர்ட் எடுத்தபோது அங்க அடையாளம் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, வலது மேற்கையில் அம்மைத் தழும்பு என்று எழுதிவிட்டார். எல்லோருக்கும் இடது கையில் இருப்பது உனக்கு இரண்டு கையிலும் இருக்கிறதே, தொலைந்துபோனால் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம் என்று சிரித்தார். விமான நிலையத்து அதிகாரி அதைப் படித்துவிட்டுக் காட்டச் சொன்னார். நான் முழங்கை வரை இழுத்து விட்டிருந்த ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். சரி, நீ நீதான் என்பதுபோல முத்திரை குத்தி உள்ளே விட்டார். என் தம்பி பெயரில் வாங்கினதைக் காட்டித்தான் நான் இன்னார் என்று இந்த நாட்டுக்குள் நுழைந்தேன்.

வீட்டுக்காரர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவரிடம்கூடச் சொல்லவில்லை.

6

கயல்விழியின் குறியைப் பார்த்த மூன்றாம் நாள் மருந்துக்கடையில் நேர் வழியாகவே போனேன். முதல் பனி பெய்து நடைபாதை சொதசொதவென்று கிடந்தது. ஊசி மேசைப் பெண் ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னாள். இங்கே எதற்கும் முதலில் ஒரு தாள் உண்டு. முட்டை ஒத்துக்கொள்ளாதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தது, இல்லை இல்லை என்று கட்டத்தில் குறி போட்டுக்கொண்டே வந்தேன். இதற்கு முன் தடுப்பூசி போட்டபோது ஏதாவது மோசமான விளைவு ஏற்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. பேனா நின்றுவிட்டது. ஆமாம் என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அந்தப் பெண் கவலையாகிவிட்டாள். என்ன ஆயிற்று, மூச்சுத் திணறலா, மயக்கமா என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, தம்பிக்குத்தான் என்றேன். தம்பிக்குப் போட்டதா என்றாள். இல்லை, எனக்குப் போட்டது என்றேன். நாற்பது வருஷம் பேசியும் என் ஆங்கிலத்துக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதானே என்றாள், ஆமாம் என்றேன். பிறகு தாளை வாங்கி அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, எந்தக் கை என்று கேட்டாள்.

இடது கையைக் காட்டினேன். வலது கையில் இனி யாரும் எதையும் குத்த வேண்டாம் என்று தோன்றியது. எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. பதினைந்து நிமிஷம் உட்காரச் சொன்னார்கள். ஷாம்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர், வலிக்கத்தான் செய்யும் என்பதுபோல எனக்குத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து கயல்விழியைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது பொய், இன்றைக்குத்தான் போட்டுக்கொண்டேன் என்றேன். பின்னால் பிள்ளை சிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்மா என்கிட்ட லை பண்ணின? நான் அதை நம்பி உன்கிட்ட பேபியைக் குடுத்திருப்பேனே," என்றாள்.

குடுத்திருப்பேனே என்று அவள் சொன்னது என்னை அறைந்தது. பாய் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனது அதே நம்பிக்கையில்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் காப்பு என்றால் என்ன, குதிர் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. என் மகளுக்கும் எனக்கும் இடையில் இத்தனை சொற்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. முடித்தபோது அவள் அந்த இரண்டு வாரக் கணக்குக்காக என் விமான டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப் போட்டுவிட்டிருந்தாள். பிறகு, மாமாவிடம் இதைச் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள்.

7

இங்கே மாலை ஏழு மணி என்றால் செஞ்சியில் விடிந்துகொண்டிருக்கும். குமரேசன் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பான். கூப்பிட்டேன்.

"இன்னா எக்கா, கொழந்தையைப் பாக்கப் போவலியா?"

நான் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன் என்று எனக்கே தெரியும். "குமரேசா, உனக்கு அம்மை குத்தவே இல்லடா. உன் சட்டையைப் போட்டுக்கினு நான் போயி குத்திக்கினேன்," என்றேன். குதிர், வேப்பமரம், வலது கை, நோட்டு எல்லாம் சொன்னேன். அம்மா சொல்ல வாயெடுத்ததையும், நான் முந்தானையைப் பிடித்து இழுத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி மனசு கேட்டது, விடவில்லை. உன் கண்ணு போனது என்னாலதான் என்றேன்.

அவன் இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான் போல. தூரத்தில் யாரோ வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு ஒரு கனவு வரும் எக்கா," என்றான் கடைசியில். "இருட்டா இருக்கும். நெல்லு வாசனை அடிக்கும். மேல ஓட்டை ஓட்டையா வெளிச்சம் தெரியும். அது இன்னா எடம்னே தெரியாம இருந்தேன். மொறமா அது?"

"முறம்தான்," என்றேன்.

"நீயும் சின்னப் புள்ளதான?" என்றான். அவ்வளவுதான் என்னைப் பற்றிச் சொன்னது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு திடீரென்று, "அப்ப பாய் சரியாத்தான் குத்தியிருக்காரு," என்றான்.

ஆமாம் என்றேன். இரண்டு கையிலும் எழும்பியது, பால் கெடவே இல்லை என்றேன்.

"கஞ்சி கொண்டாந்து வெப்பாரு எக்கா. ஆறிப் போற வரைக்கும் நின்னு பாத்துட்டு எடுத்துக்கினு போவாரு. ஒருவாட்டிகூட நான் தொடல. அவரு மௌத்துக்குக்கூட நான் போவல."

இருமல் வந்துவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டான். இணைப்பு அறுபடாமல் வெகுநேரம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை தேன்மொழி ஒரு படம் அனுப்பியிருந்தாள். டாக்டர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான் என் தம்பி. வெள்ளைச் சட்டையின் வலது கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டிருக்கிறான், மேலே சின்னதாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது:

"அத்த, நீ இன்னா சொன்னியோ, நைனா காலையிலயே தானா வந்து ஊசி போட்டுக்கினாரு. அங்கிருந்து ஜமால் பாய் வூடு எங்கன்னு கேட்டுக்கினு கடைத்தெருப் பக்கம் போனாரு. மதியம் ஆயிடுச்சி, இன்னும் வரல."